கஹ்ஹால்கள் விட்டுச்சென்ற பாடம்: கண் கடியும் அதன் வைத்தியமும்

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு மாணவரைத் தயார்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கும். மருத்துவத்துக்கு அர்-ராஸி, இப்னு ஸீனா; ஒளியியலுக்கு இப்னு அல்-ஹைதம். நானும் ஆண்டுதோறும் அந்தப் பட்டியலை எழுதிக் கொடுப்பவன்தான். ஆனால் அந்த அறிஞர்கள் ஒரு நோயை எப்படிப் பார்த்தார்கள் என்ற பேச்சு நம்மிடையே குறைவு. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் 'கண் கடி'யை, அதாவது கண் ஒவ்வாமையை, வைத்து அதைச் சற்று நோக்கலாம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அரபியில் கண்ணுக்கு இடும் நுண்ணிய மைத்தூள் 'குஹ்ல்'. அதை இடுபவர் 'கஹ்ஹால்'. நாளடைவில் கண் வைத்தியருக்கே அது பெயராயிற்று. 'அல்குஹ்ல்' ஐரோப்பா போய், நுண்தூள் என்ற பொருள் வடித்தெடுத்த சாரம் என்று விரிந்து, 'அல்கஹோல்' ஆனது தனிக்கதை. தமிழில் நமக்கு மையும் அஞ்சனமும் இருக்க, சுறுமா பாரசீகத்திலிருந்து வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் எழுதினார். அவர் கிறிஸ்தவர், அப்பாஸிய பக்தாத் அறிவுக்கு மதம் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வந்த அலீ இப்னு ஈஸா, 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' என்னும் நூலை மூன்று பகுதிகளாக வகுத்தார். முதலில் கண்ணின் அமைப்பு, அடுத்து வெளியே தெரியும் நோய்கள், கடைசியில் வெளியே தெரியாத நோய்கள். ஏறத்தாழ 130 நோய்கள் அதில் வருகின்றன. சிவந்த கண் எல்லாம் ஒரே நோய் அல்ல. மருந்தை எடுக்குமுன் எந்த நோய் என்று பிரித்தறிய வேண்டும் என்பதே அந்த வகுப்பின் சாரம்.

ஒவ்வாமைக்கு இன்னும் நெருங்கிய சான்று அர்-ராஸியிடம் (865–925) உண்டு. அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞருக்கு, வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது மட்டும் சளி பிடித்தது. அது ஏன் என்பதற்காகவே அர்-ராஸி ஒரு சிறுநூல் எழுதினார். மற்றவர்களுக்கு இன்பம் தரும் பூ இந்த ஒருவரை மட்டும் ஏன் வருத்துகிறது? எந்தப் பருவத்தில்? இந்தக் கேள்விகளே ஒவ்வாமை மருத்துவத்தின் தலைவாசல். ரோஜாவின் மகரந்தம் கனமானது, பூச்சிகளே சுமப்பவை. ஆகவே அதே பருவத்தில் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தங்களும் காரணமாய் இருந்திருக்கலாம். ஆனால் பருவத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்த பார்வை சரியானது. வசந்தகாலக் கண் ஒவ்வாமையை அரபு மருத்துவர்கள் இன்றும் 'அர்-ரமத் அர்-ரபீஈ' என்றே அழைக்கிறார்கள்.

1819இல் லண்டன் மருத்துவர் ஜோன் பொஸ்டொக், கோடைதோறும் தன் கண்ணும் நெஞ்சும் படும் பாட்டை அறிக்கையாக வாசித்தார். மன்செஸ்டரின் சார்ள்ஸ் பிளாக்லி, பட்டத்தில் பசைக் கண்ணாடியைக் கட்டிப் பறக்கவிட்டு மகரந்தத்தைப் பிடித்தார், 1873இல் நூலாக்கினார். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் வியன்னாவின் பிர்கே உண்டாக்கினார். தீங்கற்ற தூசியை உடல் எதிரி என்று எண்ணிவிட, கண்ணிலுள்ள மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. அதனால்தான் கடி, சிவப்பு, நீர், இமை வீக்கம் எல்லாம். கசக்கக் கசக்க அந்தக் கலங்கள் மேலும் உடைந்து கடி கூடுமே தவிரக் குறையாது.

இந்த வரலாறு மீண்டும் ஒருமுறை மத்திய கிழக்கைத் தொடுகிறது. எகிப்தில் சிறுநீரகக் கல் வலிக்குப் பயன்பட்ட நாட்டு மூலிகை 'கில்லா'. அதன் சத்தை ஒட்டி உருவாக்கிய இரசாயனங்களை ரோஜர் அல்டூன்யன் என்ற டொக்டர் ஆராய்ந்தார். இவர் 1922இல் அலெப்போவில் பிறந்த ஆர்மேனிய வம்சாவளியினர். தந்தையும் பாட்டனாரும் அங்கே ஆஸ்பத்திரி நடத்தியவர்கள். ஆஸ்துமாக்காரரான அவர் மருந்துகளைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். 1965இல் கிடைத்த குரோமோகிளைகேட், மாஸ்ட் கலம் உடையாமல் காக்கும். கண் ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்தாக இன்றும் அது பயன்படுகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். வகுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை, அதிலும் ஆண்பிள்ளைகளை, நான் அடிக்கடி காண்கிறேன். "வீட்டுல என்ன செஞ்ச?" என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "உம்மும்மா சுறுமா போட்டாங்க சேர்." "வாப்பா பார்மசில சொட்டு மருந்து வாங்கித் தந்தாரு."

இஸ்மித் சுறுமாவை ஹதீஸ் நூல்கள் சிறப்பித்துச் சொல்வது உண்மை. அந்த மதிப்பில் எவருக்கும் ஐயமில்லை. கேள்வி வேறு: கடையில் வாங்கும் டப்பாவுக்குள் இருப்பது இஸ்மித்தானா? பல நாடுகளில் சோதித்த சுறுமாக்களில் ஈயம் கலந்த கலேனா கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுன்னத்தை நாடுபவர் நஞ்சை வாங்கிவிடக் கூடாது.

டொக்டரிடம் காட்டாமல் வாங்கும் சொட்டு மருந்து அதைவிட மறைவான ஆபத்து. அதில் ஸ்டீரொய்ட் இருந்தால் ஒரே நாளில் சிவப்பு போய்விடும், வீட்டார் மகிழ்வர். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் கூடிக் குளுக்கோமாவும், கண்புரையும் வரலாம். குளுக்கோமாவால் போன பார்வை திரும்பாது. அந்த மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் கண் டொக்டரின் கண்காணிப்பில் மட்டுமே.

செய்ய வேண்டியது எளிது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடுங்கள். வசந்தம் இல்லாத நம் ஈரப்பதமான நாட்டில் தூசிப்பூச்சி ஆண்டு முழுதும் தலையணையிலும் மெத்தையிலும் வாழும். உறைகளை வாரந்தோறும் சுடுநீரில் அலசுங்கள். சாம்பிராணிப் புகையைப் பிள்ளைக்குத் தூரமாக்குங்கள். கடித்தால் கசக்காமல் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றுங்கள். ஹிஸ்டமினைத் தடுக்கும் சொட்டு மருந்தை டொக்டர் சொன்ன அளவில் இடுங்கள். வலி, வெளிச்சம் தாங்காமை, பார்வை மங்கல், கெட்டியான சீழ் இவற்றுள் எது இருந்தாலும் அதைக் கண் கடி என்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இமையின் உட்புறம் கரடுமுரடாகி ஆண்டுதோறும் வருத்தும் வகையும் உண்டு. பெரும்பாலும் பருவ வயதுக்குப் பின் தணியும். அதுவரை கசக்கிக்கொண்டே இருந்தால் கருவிழியின் வடிவமே கெடக்கூடும்.

அர்-ராஸி கேட்டது 'ஏன் இவருக்கு, ஏன் இப்போது' என்பது. அலீ இப்னு ஈஸா சொன்னது 'முதலில் பிரித்தறி' என்பது. அடுத்த மீலாத் மேடையில் அவர்களின் பெயரோடு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். ஒரு பிள்ளையின் பார்வை மிஞ்சினால் அந்தப் பேச்சுக்கு அதுவே போதும்.