வைக்கோல் போன வழி

கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது பாபநாசம். அங்கே திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலில் செங்கல்லால் எழுப்பிய பழைய நெற்களஞ்சியம் ஒன்றைக் காணலாம். நாயக்கர் காலத்துக் கட்டடம். 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். அதைப் பார்க்கும்போது நெல் வந்து சேர்ந்த இடம் நமக்குத் தெரிகிறது. அந்த நெல்லைத் தாங்கிய வைக்கோல் எங்கே போயிற்று? வேளாண்மை வரலாற்றில் அதுவும் கேட்க வேண்டிய கேள்வியே.

நீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் காற்று இராது. காற்றற்ற மண்ணில் இரும்பு கரைந்து வேரை நாடி வரும். அளவு மிகுந்தால் அது பயிருக்கு நஞ்சு. இலங்கையின் ஈரவலய வயல்களில் நெற்பயிரின் இலைகள் வெண்கல நிறமாய்ப் பழுத்துக் கருகின. அதற்குக் காரணம் இரும்பின் மிகுதியே என்று அந்நாட்டு மண்ணியல் அறிஞர் பொன்னம்பெருமவும் அவருடைய அமெரிக்க ஆசிரியர்களும் 1955இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர்.

இந்த நஞ்சுக்கு நெல்லிடமே ஒரு மாற்று உண்டு. இலை வாங்கிய காற்றைத் தண்டின் வழியே வேருக்கு இறக்கி, வரும் இரும்பை வேரின் புறத்தே துருவாகப் படியவைத்து நிறுத்திவிடும். பிடுங்கிய நாற்றின் வேரில் செம்படலம் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாம்பல் சத்து குறைந்தால் வேரின் இவ்வாற்றல் தளர்கிறது. மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து ஆகியவற்றின் குறைவும் நோயைக் கூட்டும். மணலின் சாரமான சிலிக்காவோ வேருக்குத் துணை நிற்கிறது.

நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. சிலிக்காவும் பெரும்பாலும் அப்படியே. களஞ்சியத்துக்குப் போன நெல் கொண்டுபோனது சிறு பங்குதான். முன்பு வைக்கோல் போராக ஏறி, மாட்டுக்குத் தீனியாகி, எருக்குழியில் சாணமும் அடுப்புச் சாம்பலுமாய்ச் சேர்ந்து, குப்பை வண்டியில் மீண்டும் வயலுக்கே வந்தது. சத்தின் பெயர் தெரியாமலே நம் முன்னோர் கடனைத் திருப்பிச் செலுத்தினார்கள்.

டெல்டாவின் வண்டல் பெரும்பாலும் அமில மண் அன்று. ஆகவே இலங்கையில் கண்ட நோய் இங்கே அவ்வளவு கடுமையாக வருவதில்லை. ஆயினும் வேரின் காவல் இரு இடத்திலும் ஒன்றே. இன்று இயந்திரம் அறுத்த வைக்கோல் கட்டுக்கட்டாய் லாரியேறி வெளியூர் போகிறது. அத்துடன் போகும் சாம்பல் சத்தை ஈடுசெய்யும் பொட்டாஷ் உரத்துக்கோ இந்தியா ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. வைக்கோலுக்கு விலை பேசும்போது வயலுக்கு உரிய பங்கையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.