வடக்கின் பெருஞ்சமர்

நாஞ்சில் நாட்டின் உட்பகுதி வயலும் வாழைத் தோட்டமும் நிறைந்தது. அதனை அடுத்த கரையோரமோ மணலும் அலையும் நிறைந்தது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மாலை வேளையில் சுற்றி வருபவர், சிறுவர் கால்பந்து ஆடாத மணற்பரப்பைக் காண்பது அரிது. கட்டுமரம் ஏறிய கால்களே அங்குப் பந்தையும் உதைத்தன. யானும் அவ்வாட்டத்தில் மனம் பறிகொடுத்து வளர்ந்தவனே.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்த காலம் அது. எங்கள் பள்ளிக்கும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒரு கால்பந்துப் போட்டி நடைபெறும். இரண்டு ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. மூன்றாம் ஆண்டில், நடுவர் ஒருமுறை ஊதல் ஊதியது சரியா, தவறா என்பதில் பூசல் எழுந்தது. சொல் முற்றிக் கல் பறந்தது. எதிர்ப்பள்ளி மாணவன் ஒருவனுக்கு நெற்றியில் காயம். அன்று கல்லெறிந்த கைகளுள் என் கையும் ஒன்று என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை. மறுநாள் இரு தலைமையாசிரியர்களும் கூடிப் பேசினார்கள். அப்போட்டி அத்துடன் நின்றது. அடுத்த ஆண்டு எங்களிடம் பந்து இருந்தது, களம் இருந்தது. எதிர்த்து ஆடுவதற்கு மட்டும் ஆள் இல்லை. நாங்களே இரு பிரிவாகப் பிரிந்து ஆடிப் பார்த்தோம். உப்பில்லாத கஞ்சி போல இருந்தது அந்த ஆட்டம்.

பல ஆண்டுகள் கழிந்தபின், குமரிமுனையில் ஒரு மாலைப்பொழுதில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பேச்சு பள்ளி நாட்களின் பக்கம் திரும்பியது. தம் கல்லூரிக்கும் மற்றொரு கல்லூரிக்கும் இடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆட்டத்தைப் பற்றி அவர் கண்கள் ஒளிரக் கூறினார். “அவ்வளவு காலமாகச் சண்டை வரவில்லையா, ஐயா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “சண்டை வராமல் இருக்குமே, தம்பி? ஆனால் அவங்கள் இல்லையெண்டால் நாங்கள் ஆரோடை விளையாடுறது?” என்றார். எங்கள் ஊரில் எவரும் கேட்கத் தவறிய கேள்வி அது. அந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அவ்வாட்டம் கால்பந்து அன்று, கிரிக்கெட். ஆடுபவை யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும். இலங்கையில் ‘கல்லூரி’ என்னும் பெயர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தையே குறிக்கும் என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

இவ்விரு பள்ளிகளின் பிறப்பும் நமக்கு அயலானதன்று. நம் மயிலாடியில் 1809ஆம் ஆண்டில் இலண்டன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, பின்னர் நாகர்கோவிலுக்கு இடம் மாறி, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது அன்றோ? அதே தலைமுறையில்தான் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. வெசிலியன் சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பள்ளியே மத்திய கல்லூரியின் வித்து. பீற்றர் பேர்சிவல் அதனை வளர்த்தார். ஆறுமுக நாவலர் அங்கே பயின்றார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தார். திருச்சபைத் தூதர் சங்கத்தார் 1823இல் நல்லூரில் தொடங்கிய பள்ளி, பின்னர்ச் சுண்டிக்குளிக்கு இடம் பெயர்ந்து, 1891இல் பரி. யோவான் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. ஒன்று கோட்டையின் அருகே, மற்றொன்று சுண்டிக்குளியில். இரண்டிற்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான்.

இரு பள்ளிகள் ஆண்டுதோறும் மோதும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. ஈட்டன் பள்ளியும் ஹாரோ பள்ளியும் 1805இல் கிரிக்கெட் ஆடின. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1827இல் ஆடின. உடல் உரமும் ஒழுக்கமும் ஆடுகளத்தில் ஒருங்கே வளரும் என்று நம்பிய ஆசிரியர்கள் அவ்வழக்கைக் கீழ்த்திசைக்கும் கொண்டுவந்தனர். அது எங்கும் எளிதாக வேரூன்றவில்லை. காசுமீரத்தில் டிண்டேல்-பிஸ்கோ என்னும் ஆசிரியர் 1891இல் கால்பந்தைக் கொண்டுவந்தபோது, தோலால் ஆன பந்தைத் தொடுவது தீட்டு என்று மாணவர்கள் மறுத்துவிட்டனர். அவரோ வற்புறுத்தியே ஆடவைத்தார். கொழும்பில் இராயல் கல்லூரியும் புனித தோமையர் கல்லூரியும் 1879இல் தம் போட்டியைத் தொடங்கின. கால் நூற்றாண்டு கடந்து, 1904ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து இரு கல்லூரிகளும் களம் இறங்கின.

அன்று தொடங்கிய ஆட்டத்திற்கு நாளடைவில் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்னும் பெயர் நிலைத்தது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் 1917இல் தொடங்கிய மற்றொரு போட்டிக்குப் ‘பொன் அணிகளின் போர்’ என்று பெயர். சமர், போர் என்னும் சொற்களை அம்மாணவர்கள் விளையாட்டாகவே வழங்கினர். மார்ச்சு மாதத்து வெயிலில் கொடிகள் பறக்கும், மேளம் முழங்கும், முடி நரைத்த பழைய மாணவர்கள் தம் பேரப்பிள்ளைகளோடு வந்து அமர்ந்து, தாம் ஆடிய காலத்து ஓட்டங்களை மறுபடியும் எண்ணுவார்கள். ஆட்டம் முடிந்தால் போர் முடிந்தது. மறுநாள் இரு பள்ளி மாணவர்களும் ஒரே கடைத்தெருவில் நடக்கவேண்டியவர்களே.

ஆனால் விளையாட்டுக்குப் போர் என்று பெயரிட்ட அந்த ஊர், உண்மையான போரையும் காண நேர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983க்குப் பின்னர் நாடே எரிந்தது. 1985ஆம் ஆண்டு சூன் மாதத்தில் பரி. யோவான் கல்லூரியின் அதிபர் ஆனந்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். இராணுவத்தினருக்கும் பள்ளி மாணவருக்கும் இடையே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடத்த முயன்றதே அவர் உயிருக்கு இறுதியாயிற்று என்று அக்காலத்தை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். ஓர் ஆட்டத்தின் பொருட்டு ஓர் ஆசிரியரின் உயிர் போயிற்று! பகைமை முற்றிய இடத்தில் எதிராளியோடு ஆடுவதுகூடக் குற்றமாகிவிடுகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா? 1990க்குப் பின்னர் மின்விளக்கு இல்லை, மண்ணெண்ணெய் அரிதாயிற்று. 1995ஆம் ஆண்டின் இறுதியில் நகரமே பெயர்ந்து வெளியேறியது. பழைய மாணவர் பலர் இலண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறினர்.

இத்தனைக்கும் பின்னர் அந்த ஆட்டம் அழிந்துவிட்டதா? இல்லை. போர் 2009இல் ஓய்ந்தது, ஆட்டம் ஓயவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதே இரு கல்லூரிகள் ஆடியது 117ஆவது ஆட்டம் என்று எண்ணப்பட்டது. தொடங்கிய ஆண்டையும் இந்த எண்ணையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். விட்டுப்போன ஆண்டுகளை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். அரசுகள் மாறின, படைகள் வந்தன, போயின, நடுவில் ஒரு தலைமுறையே சிதறியது. சமர் என்று பெயர் கொண்ட விளையாட்டோ உண்மைச் சமரைக் கடந்து உயிரோடு நின்றது.

இந்த வரலாற்றைப் படித்தபோதெல்லாம் எங்கள் ஊரில் மூன்றே ஆண்டுகளில் மாண்டுபோன கால்பந்துப் போட்டி என் நெஞ்சில் வந்து நிற்கும். அவர்களிடம் இருந்தது எது, எங்களிடம் இல்லாதது எது? அவர்கள் நம்மினும் பொறுமைசாலிகள் என்று நான் எண்ணவில்லை. பூசல் அங்கும் எழுந்ததுண்டு என்று அப்பெரியவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பூசல் எழுந்தபோதும், அடுத்த மார்ச்சு மாதத்தில் மீண்டும் ஆடவேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது. எங்களுக்கோ அன்றைய ஊதலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பகைவன் ஒழிய வேண்டும் என்று நினைப்பது பகைமை; எதிராளி அடுத்த ஆண்டும் வரவேண்டும், இன்னும் வலிமையோடு வரவேண்டும் என்று நினைப்பது போட்டி. வெளிப்பார்வைக்கு இரண்டிலும் ஆரவாரம் ஒன்றே. உள்ளே இருக்கும் உள்ளம் வேறு.

மாணவர்களே, உங்கள் பள்ளிக்கும் அண்டைப் பள்ளிக்கும் ஆட்டம் நடக்கும் நாளில் உரக்க ஆர்ப்பரியுங்கள். வெல்ல வேண்டும் என்றே ஆடுங்கள். நடுவரின் தீர்ப்பு உங்களுக்கு மாறாக அமையும் ஒரு நாளும் வரும். அன்று கை கல்லைத் தேடுமாயின், யாழ்ப்பாணத்துப் பெரியவரின் கேள்வியை ஒருமுறை நினையுங்கள். அந்த நெற்றிக் காயத்துச் சிறுவனை நான் மறுபடியும் காணவில்லை. எங்கேனும் கண்டால் மன்னிப்புக் கேட்பதோடு நில்லேன். ஓர் ஆட்டம் ஆடுவோமா என்றும் கேட்பேன்.