பருவச் சீட்டின் கதை

சந்தையிற் பொருளைக் கையில் வாங்கும்போதே பணத்தைக் கொடுப்பது உலக வழக்கம். பணத்தை முன்னரே மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அதற்குரிய பயனைப் பின்னர் நாளுக்கு நாள் பெற்றுக்கொள்வது பருவச் சீட்டின் வழக்கம். நாள்தோறும் புகையிரதத்திற் கொழும்புக்குச் சென்று மீளும் உத்தியோகத்தர் இச்சீட்டினை நன்கு அறிவர். மாதத்தில் வேலை நாள்கள் எத்தனை என்பது அவர்களுக்கு முன்னரே தெரியுமாதலால், அவர்களுடைய கணக்குப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனால் இதே முறை களியாட்டப் பூங்காக்களுக்கும் உல்லாசப் பிரயாணங்களுக்கும் வந்தபோது கணக்கு வேறாயிற்று. எத்தனை நாள் உழைக்கச் செல்ல வேண்டும் என்பதை மனிதன் அறிவான்; எத்தனை நாள் களிக்கச் செல்வான் என்பதை அவன் அறியான். அந்த அறியாமையே விற்பவனுக்கு ஆதாயமாகவும் வாங்குபவனுக்கு நட்டமாகவும் முடிந்த கதைகள் பல. அதனைக் கணக்கினால் வென்றவர்களும் உளர்.

பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், வாக்ஸ்ஹால் என்னும் பூங்கா பெரும் புகழ் பெற்றிருந்தது. 1729 ஆம் ஆண்டில் அதனைக் குத்தகைக்கு எடுத்த ஜொனதன் டையர்ஸ் என்பவர், 1732 இல் அதனைப் புதுப்பொலிவுடன் திறந்து வைத்தார். மாலை வேளையில் விளக்கொளியும் வாத்திய இசையும் இராப்போசனமும் அங்கே மக்களைக் கவர்ந்தன. வாயிற் கட்டணம் நெடுங்காலம் ஒரு சிலிங்காகவே இருந்தது. அடிக்கடி வருவோருக்கென வெள்ளியினாற் செய்த பருவச் சீட்டுகளும் வழங்கப்பட்டன. அப்பூங்காவை ஓவியங்களால் அழகுபடுத்துவதற்குத் துணைநின்ற புகழ்பெற்ற ஓவியர் வில்லியம் ஹோகார்த்துக்கு, டையர்ஸ் தமது நன்றிக்கு அறிகுறியாகப் பொன்னாலான சீட்டு ஒன்றைப் பரிசளித்தார். ஒரு வண்டி நிறைந்த ஆட்களுடன் என்றென்றும் இலவசமாக உட்செல்லும் உரிமையை அச்சீட்டு அளித்தது.

அந்தப் பொற்சீட்டு இன்றும் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பூங்காவோ 1859 ஆம் ஆண்டில் மூடப்பட்டு மறைந்துவிட்டது. என்றென்றைக்கும் எனப் பொறித்துக் கொடுத்த சீட்டின் ஆயுள், அதனைக் கொடுத்த பூங்காவின் ஆயுளைத் தாண்டிச் செல்லவில்லை. எந்தச் சீட்டும் ஒரு வாக்குறுதியே. வாக்களித்தவர் நிலைக்கும் வரைதான் வாக்கும் நிலைக்கும்.

பருவச் சீட்டின் கணக்கினை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெருங் கண்காட்சியாகும். ஹைட் பூங்காவில் இரும்பினாலும் கண்ணாடியினாலும் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையில், உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்த பொருள்கள் வைக்கப்பட்டன. இலங்கையிலிருந்து சென்ற பொருள்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஆடவருக்குப் பருவச் சீட்டின் விலை மூன்று கினி. பெண்டிருக்கு இரண்டு கினி. ஒரு கினி 21 சிலிங் ஆதலால், ஆடவர் கொடுத்தது 63 சிலிங்; பெண்டிர் கொடுத்தது 42 சிலிங்.

மே மாதம் முதலாந் திகதி விக்டோரியா மகாராணியார் கண்காட்சியைத் திறந்து வைத்தபோது, பொதுமக்களுள் பருவச் சீட்டு உடையோர் மட்டுமே உள்ளே செல்ல முடிந்தது. அடுத்த இரண்டு நாள்களிலும் வாயிற் கட்டணம் ஒரு பவுண், அதாவது 20 சிலிங். அதன் பின்னர் மே 24 ஆந் திகதி வரை ஐந்து சிலிங். மே 26 முதல் திங்கள் தொடக்கம் வியாழன் வரை ஒரு சிலிங்தான். வெள்ளியும் சனியும் கட்டணம் அதனிலும் கூட இருந்தது. ஞாயிறு விடுமுறை.

நேயர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் இரண்டு பவுண் நாள்களிலும் சென்றால் 40 சிலிங் பெறுமதியைப் பெற்றுவிடுவார். பின்னர் ஐந்து சிலிங் நாள்களில் ஐந்து முறை சென்றால் 25 சிலிங். ஆக, ஏழு முறை சென்றதும் 65 சிலிங் ஆகிறது. சீட்டின் விலை தீர்ந்துவிடுகிறது. பெண்மணி ஒருவருக்கோ, இரண்டு பவுண் நாள்களும் ஓர் ஐந்து சிலிங் நாளும் போதும். மூன்றே முறையில் விலை தீரும். ஆனால் ஒரு சிலிங் நாள்களில் மட்டும் செல்லக்கூடிய ஆடவர் அதே சீட்டை வாங்கினால், 63 முறை சென்றாலன்றி விலை தீராது. கண்காட்சி மக்களுக்குத் திறந்திருந்த நாள்களோ ஏறக்குறைய 140 மாத்திரமே. ஒரே சீட்டு, ஒரே விலை. ஒருவருக்கு ஏழு நாளில் இலாபம், மற்றொருவருக்கு 63 நாளிலும் இலாபம் இல்லை. வேறுபாடு சீட்டிலே இல்லை. எந்த நாள்களிற் செல்ல முடியும் என்பதிலேயே அது தங்கியிருந்தது.

இக்கணக்கை உழைக்கும் மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட வருகைகளுட் பெரும்பகுதி ஒரு சிலிங் நாள்களிலேயே நிகழ்ந்தது. ஒக்டோபர் 7 ஆந் திகதி ஒரே நாளில் 109,915 பேர் வந்தனர். அதுவும் ஒரு சிலிங் நாளே. தொலைவிலுள்ள நகரங்களின் தொழிலாளர், பிரயாணச் செலவுக்காக வாரந்தோறும் சிறு தொகை சேமிக்கும் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். 1841 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோ நகருக்கு, ஆளுக்கு ஒரு சிலிங் வீதம், ஏறக்குறைய 500 பேரைப் புகையிரதத்தில் அழைத்துச் சென்ற தோமஸ் குக் என்பவர், பத்தாண்டுகளின் பின்னர் இக்கண்காட்சிக்கு ஒன்றரை இலட்சம் பேர் வரையில் அழைத்து வந்தார். புகையிரதக் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்ததும் அம்மக்களுக்கு நன்மையாக முடிந்தது.

வாயிற் கட்டணத்துடன் செலவு முடிந்துவிடவில்லை என்பதையும் இக்கண்காட்சி காட்டிற்று. உள்ளே சிற்றுண்டியும் பானமும் விற்கும் உரிமைக்காக ஷ்வெப்ஸ் கம்பனியார் 5,500 பவுண் செலுத்தினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பானப் போத்தல்கள் விற்பனையாயின. முடிவிற் கண்காட்சிக்கு 186,000 பவுண் வரை மிகுதி கிடைத்தது. அத்தொகையைக் கொண்டு தென் கென்சிங்டனில் வாங்கிய நிலத்திலேயே பின்னாளில் பெரும் நூதனசாலைகள் எழுந்தன. வாயிலில் ஒரு சிலிங் கொடுத்தவர் உள்ளே எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சேர்த்து எண்ணினாலே கணக்கு முழுமை பெறும். இலவசமாகப் பலமுறை உள்ளே செல்பவர், ஒவ்வொரு முறையும் உண்ணவும் பருகவும் பணம் செலவிடுகிறார் என்பதைப் பூங்கா நடத்துவோர் அன்று தொட்டே அறிந்திருந்தனர்.

நூறாண்டுகள் கழிந்தன. 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அனகைம் நகரில், வால்ட் டிஸ்னி தமது டிஸ்னிலாந்துப் பூங்காவைத் திறந்து வைத்தார். முதலில் வாயிலில் ஒரு டொலர் கொடுத்து உட்சென்றவர், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சீட்டுப் புத்தகம் வந்தது. ஏ, பீ, சீ என்னும் மூன்று தரச் சீட்டுகள் அதில் இருந்தன. 1956 இல் டீ சீட்டும் 1959 இல் ஈ சீட்டும் சேர்ந்தன. சிறந்த விளையாட்டுகளுக்கெல்லாம் ஈ சீட்டே வேண்டும். ஆகவே அது முதலிற் செலவழிந்தது. ஏ, பீ சீட்டுகள் மிஞ்சி வீட்டு இழுப்பறைகளில் உறங்கின. பணம் கொடுத்துப் பெற்றும் பயன்படுத்தாத சீட்டு எவருக்கு இலாபம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1982 இல் சீட்டுப் புத்தகம் ஒழிந்தது. ஒருமுறை பணம் கொடுத்து நாள் முழுவதும் விளையாடும் முறை நிலைபெற்றது. அதே பத்தாண்டுக் காலத்தில், ஆண்டு முழுவதும் சென்றுவரக் கூடிய ஆண்டுச் சீட்டும் வழக்கில் வந்தது. பூங்காவின் அருகில் வாழும் குடும்பத்துக்கு அது பெரும் நன்மையாயிற்று. ஆனால் சீட்டுடையோர் பெருகப் பெருக, கூட்டம் மிகுந்த நாள்களிற் சில சீட்டுகள் செல்லா என்னும் விதிகளும் பெருகின. 1851 இன் பவுண் நாளும் சிலிங் நாளும் வேறொரு வடிவிலே திரும்பி வந்தன எனலாம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக டிஸ்னிலாந்து மூடப்பட்டது. 2021 சனவரியில் அங்கு ஆண்டுச் சீட்டு முறை முற்றாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் புதிய பெயருடன் அது மீண்டபோது, முன்பதிவு செய்த நாளிலேயே செல்லலாம் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. எந்த நாளும் தடையில்லை எனக் கருதி மிக உயர்ந்த வகைச் சீட்டை 1,399 டொலர் கொடுத்து வாங்கிய சிலர், விரும்பிய நாள்களில் முன்பதிவு கிடைக்கவில்லை என வழக்குத் தொடுத்தனர். 95 இலட்சம் டொலர் கொடுத்து அவ்வழக்கை நிறுவனம் இணக்கமாகத் தீர்த்துக்கொண்டது. தடையில்லாத நாளும் இடமுள்ள நாளும் ஒன்றல்ல என்பதே அவ்வழக்கின் சாரம்.

முன்பணம் கொடுத்துப் பின்பயன் பெறும் இம்முறைக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. இன்று பணம் கொடுத்துப் பொருள் வாங்குபவருக்கு, நாளை ஒரு வெகுமதி தருவதாக வாக்களிக்கும் முறை அது. 1896 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஸ்பெரி அன் ஹச்சின்சன் கம்பனி, கடைகளிற் பொருள் வாங்குவோருக்கு முத்திரைகள் வழங்கும் வியாபாரத்தைத் தொடங்கியது. முத்திரைகளை ஒட்டிப் புத்தகத்தை நிரப்பினால் வீட்டுப் பொருள்களைப் பெறலாம். பின்னாளில் அதே எண்ணம் ஆகாயத்தில் ஏறியது. 1978 இல் அமெரிக்க விமானக் கட்டணங்கள் மீதான அரசாங்கக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. கம்பனிகள் ஒன்றன் வாடிக்கையாளரை மற்றொன்று கவர முயன்றன. 1981 மே முதலாந் திகதி அமெரிக்கன் எயார்லைன்ஸ், பறந்த மைல்களைக் கணக்கிட்டு இலவசப் பிரயாணம் தரும் திட்டத்தைத் தொடக்கியது. மற்றைய கம்பனிகளும் விரைந்து பின்பற்றின. 1987 முதல் வங்கிக் கடனட்டையிற் செலவு செய்வோருக்கும் மைல்கள் கிடைத்தன.

இம்மைல்களின் விதியும் மாறியே வந்தது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பனிகள் மூன்றும், பறந்த தூரத்துக்கு மைல் தரும் முறையை விடுத்து, செலுத்திய பணத்துக்கு மைல் தரும் முறைக்கு மாறின. இலவசப் பிரயாணத்துக்கு வேண்டிய மைல்களின் அளவை உயர்த்துவதும் கம்பனியின் கையிலேயே உள்ளது. சேர்த்து வைத்த நெல்லை எலி தின்பதுபோல, சேர்த்து வைத்த மைலின் பெறுமதியைக் காலம் தின்கிறது. கம்பனிக்கோ இத்திட்டம் தேயாத செல்வம். 2020 இல் விமானங்கள் பறக்காது நின்றபோது, யுனைட்டட் கம்பனி தன் மைல் திட்டத்தையே ஈடுவைத்து 680 கோடி டொலர் திரட்டிற்று.

1981 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கன் எயார்லைன்ஸ் மற்றொரு சீட்டையும் விற்றது. 250,000 டொலர் ஒருமுறை கொடுத்தால், ஆயுள் முழுவதும் முதல் வகுப்பில் எல்லையின்றிப் பறக்கலாம். இது டையர்ஸின் பொற்சீட்டுக்கு ஆகாயத்திற் பிறந்த தம்பி போன்றது. ஆனால் வாங்கியவர்களுட் சிலர் கம்பனி எண்ணியதிலும் பன்மடங்கு அதிகமாகப் பறந்தனர். இங்கே கணக்கிற் பிழைத்தவர் விற்றவரே. 1994 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. 2008 இல், விதிகளை மீறினர் என்று கூறி, மிக அதிகமாகப் பறந்த இருவரின் சீட்டுகளைக் கம்பனி இரத்துச் செய்தது, வழக்குகள் எழுந்தன. வாங்குபவர் கணக்கில் வென்றாலும், வென்றதைக் காத்துக்கொள்வதற்கு நிபந்தனைகளையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

இந்நெடிய வரலாற்றிலிருந்து சில உண்மைகள் தெளிவாகின்றன. சீட்டின் பெறுமதியைச் செல்லும் ஆசையினால் அளவிடலாகாது. செல்லக்கூடிய நாள்களினாலேயே அளவிட வேண்டும். சென்ற ஆண்டில் உண்மையாகவே எத்தனை முறை சென்றோம் என்று எண்ணிப் பார்ப்பது, வரும் ஆண்டில் எத்தனை முறை செல்வோம் என்று கற்பனை செய்வதிலும் நம்பத்தக்கது. செல்லாத நாள்களின் அட்டவணையையும் முன்பதிவு விதியையும் விலையைப் பார்க்கும் முன்னரே பார்த்தல் நன்று. உள்ளே ஆகும் உணவுச் செலவையும் வழிச்செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிடைத்த வெகுமதியை நெடுங்காலம் சேமித்து வைப்பதினும் காலத்தோடு பயன்படுத்துவதே மேல். வெகுமதிக்காகவே வேண்டாத பொருளை வாங்குபவர், வெகுமதியின் விலையைத் தாமே கொடுத்தவராவார்.

1851 ஆம் ஆண்டிலே மூன்று கினி கொடுத்து மகாராணியாரின் வருகையைக் கண்ட செல்வரும் நட்டப்படவில்லை. வாரந்தோறும் சில்லறை சேமித்து ஒரே ஒரு நாள் வந்து, ஒரு சிலிங்குக்கு உலகத்தைக் கண்ட தொழிலாளியும் நட்டப்படவில்லை. இருவரும் தத்தம் நிலைக்கு ஏற்ற சீட்டினை வாங்கினர். தொழிலாளி பெருமையை நாடி மூன்று கினிச் சீட்டை வாங்கியிருப்பாராயின், அவருடைய குடும்பம் பல வாரம் வாடியிருக்கும். மலிவு என்பது சீட்டின் முகத்தில் எழுதப்படுவதன்று. வாங்குபவரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தே அறியப்படுவது.