தூளியும் தொழிற்சட்டமும்

தாய் வேலைக்குச் செல்லும் இடத்தில் கைக்குழந்தைக்கு யார் பொறுப்பு என்பதை இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931இலேயே எடுத்துப் பேசியிருந்தபோதிலும், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவே அதற்கு உறுதியான வடிவம் தந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலை, அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறையையும், பயிற்சி பெற்ற பெண்களின் மேற்பார்வையையும் அளிக்க வேண்டும் என்று விதித்த அப்பிரிவில், 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஐம்பதை முப்பதாகக் குறைத்தது.

சட்டம் அறையை வரையறுத்த அதே காலத்தில் உளவியலோ உறவை ஆராயத் தொடங்கியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் அளித்த அறிக்கை, தன்னை மாறாது பேணும் ஒருவரோடு குழந்தை கொள்ளும் நெருக்கத்தை மனநலத்தின் அடிப்படையாகக் கண்டது. இந்நெருக்கமே பின்னர்ப் பிணைப்பு எனப்பட்டது. உகாண்டாவின் சிற்றூர்களில் 1954-55இல் தாய்மாரையும் சேய்களையும் கவனித்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வர்த், தாய் அருகிலிருக்கும் நேரத்தைக் காட்டிலும் குழந்தையின் குறிப்பறிந்து அவள் மறுமொழி தரும் விதமே முதன்மையானது என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். 1970களில் மினசோட்டாவில் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உறுதியான பிணைப்புப் பெற்றவர்கள் பிற்காலத்தில் ஏமாற்றத்தைத் தாங்குவதிலும் தோழமை கொள்வதிலும் பொதுவாக மேம்பட்டிருந்ததைக் காட்டியது. இது தலைவிதியன்று, பின்னர்க் கிடைக்கும் ஆதரவு போக்கை மாற்றவல்லது என்பதையும் அதே ஆய்வு உணர்த்தியது.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில், அருகிலிருப்பதற்கும் மறுமொழி தருவதற்கும் உள்ள வேறுபாடு கண்கூடு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு வருவோருக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றே கூலி. ஆகவே மண் குழைத்து, அச்சில் அடித்து, களத்தில் கல்லை வரிசையாகக் காயவைக்கும் தாய்க்குத் தூளியிலோ நிழலோரத்திலோ கிடக்கும் பிள்ளை கண்ணெதிரே இருந்தும், அழுகைக்கு எழுந்து செல்லும் ஒவ்வொரு முறையும் கல் குறைகிறது. தாயும் சேயும் பிரியாத இந்த இடத்தில் பிணைப்புக்குத் தேவையான மறுமொழியைத்தான் வேலைமுறை பறிக்கிறது. குறை தாயன்பில் இல்லை. கணக்கு பெரும்பாலும் குடும்பத்தலைவர் பெயரிலேயே எழுதப்படுவதால், 48ஆம் பிரிவு கேட்ட பெண்களின் எண்ணிக்கையில் அவள் சேர்ந்ததுமில்லை. உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிலாளர் பெரும்பாலும் ஆண்களே என்பதால், அங்கும் அவ்வெண்ணிக்கை எளிதில் எட்டப்பட்டதில்லை.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் உணவுக்கும் தடுப்பூசிக்கும் செய்தது மிகப் பெரிது. ஆனால் மூன்று வயதுக்குட்பட்டோரை நாள் முழுவதும் வைத்துப் பேணுவது அவற்றின் முதன்மைப் பணியாக அமையவில்லை. சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியில் கற்பிக்கும் ஏற்பாடுகள் பின்னர் உருவாயின. அவையும் பள்ளி வயதினருக்கே உரியவை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவே பள்ளி வயதினள் என்பதால், குழந்தைக் காப்பகம் இல்லாத சூளையில் அவளுடைய படிப்பும் தடைப்படுகிறது. இது தீர்க்க முடியாத சிக்கலன்று. 1969இல் தில்லிக் கட்டுமானத் தளம் ஒன்றில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகம், வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, தாய் வந்து பாலூட்டிப் போகும் தொலைவில் கைக்குழந்தையையும் அதன் அக்காவையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.