எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: தகுதியும் தேர்வும்

உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் கைகொடுக்காத உடற்பருமனுக்கு, இரைப்பையைச் சுருக்கியோ குடலை மாற்றி இணைத்தோ செய்யப்படும் சிகிச்சை. முதல் அளவுகோல் உடல் நிறை குறியீட்டெண். 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 40ஐ வரம்பாக்கியது. சர்க்கரை நோய் போன்ற துணைநோய் இருந்தால் 35. பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் 2022இல் இவற்றை 35, 30 என இறக்கின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றன.

எண் மட்டும் போதாது; எந்த முறை பொருந்தும் என்றும் பார்க்க வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டி அகற்றப்படுகிறது. அதை மீட்க முடியாது. கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும். அவருக்கு, குடலை மாற்றி இணைக்கும் பைபாஸே பெரும்பாலும் பொருந்தும். பைபாஸில் எஞ்சும் சிறுபை சுமார் 30 மி.லி. கொள்ளும், தொடக்க மாதங்களில் ஓர் இட்லியே அதிகம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்கத் தொடரும். உண்மையில் கத்தியைவிட இந்த ஒழுங்குதான் கடினம்; மாத்திரையையும் மறுபரிசோதனையையும் தட்டிக்கழிப்பவருக்கு இந்தச் சிகிச்சை உகந்ததல்ல.

புகைப்பழக்கத்தை முன்பே நிறுத்த வேண்டும். கட்டுப்படாத குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவர்கள் தள்ளிப்போடுவர். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும்.