காலத்தைச் சுமந்து வந்த கதை

முந்தியது எது, பிந்தியது எது என்னும் வினா வழக்காடு மன்றங்களுக்கு மாத்திரம் உரியதன்று. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 14ஆம் நாள் பிற்பகலில் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்திலும் மின்சாரம் அற்றுப்போயிற்று. ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் அதனாற் பாதிக்கப்பட்டனர். காரணத்தை ஆராய்வதற்கு இரு நாட்டு அரசுகளும் கூட்டாக ஒரு குழுவை அமைத்தன. எந்த மின்வழி எப்பொழுது அறுந்தது என்பதை ஆங்காங்கிருந்த பதிவுக் கருவிகள் குறித்தே வைத்திருந்தன. ஆயினும், அக்கருவிகள் பலவற்றின் மணிக்கூடுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. இந்த வழி அறுந்தமையால் அந்த வழி அறுந்ததா, அன்றி அது அறுந்தமையால் இது அறுந்ததா என்று துணிதல் எளிதாக இருக்கவில்லை. குறிப்புகளை ஒன்றுக்கொன்று ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே நிகழ்ச்சிகளின் வரிசை தெளிவாயிற்று. பதிவுக் கருவிகள் யாவும் ஒரே நேரத்துக்கு இசைவிக்கப்படல் வேண்டும் என்பது அக்குழு விடுத்த பரிந்துரைகளுள் ஒன்று.

ஒரே நேரம் என்று சொல்லுதல் எளிது. நேரத்தைச் செம்மையாக அளக்கும் மணிக்கூட்டைச் செய்வது ஒரு கலை. அளந்த நேரத்தை அஃது இருக்கும் இடத்திலிருந்து வேண்டும் இடத்துக்குக் கொண்டுசெல்வது வேறொரு கலை. முன்னதன் வரலாற்றை நேயர்கள் பலரும் அறிந்திருப்பீர்கள். பின்னதன் வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

இங்கிலாந்தில், தேம்சு நதிக்கரையிலுள்ள கிறீனிச் வானாய்வு நிலையத்தின் கூரையில், 1833ஆம் ஆண்டு ஒரு பெரிய பந்து கம்பமொன்றிற் பொருத்தப்பட்டது. நாள்தோறும் பிற்பகல் ஒரு மணிக்கு அது கீழே விழும். நதியில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் மாலுமிகள் அதனைப் பார்த்துத் தங்கள் மணிக்கூடுகளைத் திருத்திக்கொண்டனர். ஒளி வரும் வேகத்தில் தாமதம் என்பது பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் பந்து கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலிருந்தோர்க்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

அத்தகையோர்க்கு உதவியவர் அந்நிலையத்தில் உதவியாளராகப் பணியாற்றிய யோன் ஹென்றி பெல்வில் என்பவர். 1836ஆம் ஆண்டு முதல் அவர் செம்மையான கைப்பெட்டி மணிக்கூடொன்றை நிலையத்து மணிக்கூட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு இலண்டன் மாநகருக்குச் சென்று, மணிக்கூட்டு வணிகர் முதலான வாடிக்கையாளருக்கு நேரம் காட்டி வந்தார். அவர் மறைந்த பின்னர் அவர் மனைவி மரியாவும், 1892ஆம் ஆண்டின் பின் மகள் உரூத்தும் அதே மணிக்கூட்டைச் சுமந்தனர். உரூத் பெல்வில் தம் முதுமையில், 1940ஆம் ஆண்டில், அப்பணியை நிறுத்தினார். ஒரு குடும்பம் நூற்று நான்கு ஆண்டுகள் நேரத்தைக் கையிலே சுமந்து விற்றது என்பது வியப்புக்குரியதே. அவர்கள் விற்ற பொருளுக்கு மதிப்பளித்தது மணிக்கூடு மாத்திரமன்று. காலையில் அது நிலையத்தில் ஒப்பிடப்பட்டபோது எத்துணைப் பிழை காட்டிற்று என்னும் சான்றும் உடன் இருந்தது. தன் பிழையைத் தானே அறிந்த மணிக்கூடே நம்பத்தக்கது என்னும் இவ்வுண்மையை நினைவிற் கொள்க. பின்னர் அது மீண்டும் வரும்.

பெல்வில் குடும்பத்தார் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வேகமான தூதுவர் தோன்றிவிட்டனர். 1852ஆம் ஆண்டில் சார்ள்சு செப்பேட் அமைத்த மின் மணிக்கூடு கிறீனிச்சிலிருந்து தந்திக் கம்பி வழியே நேரக்குறிகளை அனுப்பலாயிற்று. 1910ஆம் ஆண்டில் பாரிசு நகரின் ஈபெல் கோபுரம் வானொலி அலைகளின் மூலம் நேரக்குறி பரப்பத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு பெப்ருவரி 5ஆம் நாள் முதல் பி.பி.சி. வானொலியில் ஆறு சிறு ஒலிகள் கேட்டன; ஆறாவது ஒலி மணியின் தொடக்கத்தைக் குறித்தது. நேரம் இப்பொழுது விலையின்றி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இங்கே ஒரு விந்தையையும் கூறுதல் தகும். இன்றைய இலக்கமுறை வானொலியில் ஒலியைச் சுருக்கி அனுப்பவும், பெறும் இடத்தில் மீள விரிக்கவும் நேரம் செல்கிறது. ஆதலின் அதே ஆறு ஒலிகளும் அவ்வகைப் பெட்டிகளிற் சில செக்கன்கள் பிந்தியே கேட்கின்றன. தூதுவர் புதியவர் ஆயினமையால் செய்தி விரைந்து வரும் என்பது நிச்சயமன்று. தாமதம் இருப்பதுகூடப் பெருங்குற்றமன்று. அது எவ்வளவு என்று தெரியாதிருப்பதே குற்றம். கணினிகளின் காலம் வந்தபோது இவ்வுண்மை முழு வடிவிற் புலப்பட்டது.

கணினி ஒவ்வொன்றினுள்ளும் குவாட்சு எனப்படும் பளிங்குத் துண்டு ஒன்று அதிர்ந்து நேரத்தை எண்ணுகிறது. விலை மலிந்த அப்பளிங்கு ஒரு நாளில் ஒரு செக்கன் அளவு பிழைத்தல் இயல்பு. அறையின் வெப்பம் மாறினால் அதன் அதிர்வும் மாறும். வேலை மிகுந்து பொறி சூடேறினாலும் மாறும். தனித்திருக்கும் கணினிக்கு இஃது ஒரு குறையன்று. நூறு கணினிகள் கம்பியால் இணைந்து ஒரே கணக்கேட்டை எழுதும்போது, ஒன்றின் குறிப்பு மற்றொன்றுக்கு இன்னும் வாராத நேரத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றும். எந்தப் பணம் முதலில் வரவானது, எந்தக் கட்டளை முதலில் இடப்பட்டது என்பன ஐயத்துக்கு இடமாகும்.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் தெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் தேவிட் மில்சு. அவர் வகுத்த வலையமைப்பு நேர நெறி 1985ஆம் ஆண்டு ஏட்டில் வெளியிடப்பட்டது. 2024ஆம் ஆண்டு அவர் மறையும்வரை, பார்வை குன்றிய நிலையிலும், இத்துறையோடு அவர் கொண்ட தொடர்பு அறவில்லை. அந்நெறியின் உட்பொருளை ஒரு கடிதத்தால் விளக்கலாம். தொலைவிலுள்ள நண்பருக்கு நேரம் கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள்; அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறீர்கள். அது கிடைத்த நேரத்தையும், தாம் மறுமொழி அனுப்பிய நேரத்தையும் நண்பர் எழுதுகிறார். மறுமொழி கிடைத்த நேரத்தை நீங்கள் குறிக்கிறீர்கள். இந்நான்கு குறிப்புகளைக் கொண்டு கடிதங்கள் வழியிற் செலவிட்ட மொத்த நேரத்தைக் கணிக்கலாம். போக்குக்குப் பாதி, வரவுக்குப் பாதி என்று கொண்டால் இரு மணிக்கூடுகளின் வேறுபாடு வெளிப்படும்.

இம்முறையின் வலிமையும் நலிவும் அப்பாதியிலேயே தங்கியுள்ளன. போவதற்கு 10 மில்லி செக்கனும் வருவதற்கு 30 மில்லி செக்கனும் ஆயின், கணினி இரண்டையும் 20 என்றே கொள்ளும். விளைவு, 10 மில்லி செக்கன் பிழை. உலகளாவிய இணையத்தின் நெடுவழிகளிற் போக்கும் வரவும் ஒத்திருப்பது அரிது. எனவே நேரத்தின் ஊற்றைக் கட்டடத்துக்கு அண்மையிற் கொண்டுவருவதே வழியாயிற்று. அவ்வூற்று வானில் இருந்தது.

1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் உலூயிசு எசென், யக் பரி என்னும் இருவரும் சீசியம் அணுவின் அதிர்வால் இயங்கும் மணிக்கூட்டைச் செயற்படுத்தினர். 1967ஆம் ஆண்டு ஒரு செக்கன் என்பது அவ்வணுவுக்குரிய கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறை அணு மணிக்கூடுகளைச் செய்மதிகளில் ஏற்றி, ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றிவரச் செய்தது. ஜி.பி.எஸ். எனப்படும் அவ்வமைப்பின் முதற் செய்மதி 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 1995ஆம் ஆண்டில் அமைப்பு நிறைவெய்தியது. பொதுமக்களுக்குரிய குறியில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

இடமறியும் கருவியென்றே இதனைப் பலரும் கருதுவர். உண்மையில் இஃது ஒரு மணிக்கூட்டு அமைப்பு. குறி புறப்பட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடே தொலைவாகக் கணிக்கப்படுகிறது. ஒளி ஒரு மைக்கிரோ செக்கனில் ஏறத்தாழ 300 மீற்றர் செல்லும். ஐன்சுடைனின் சார்புக் கொள்கைப்படி, அவ்வுயரத்து மணிக்கூடுகள் பூமியிலுள்ளவற்றிலும் நாளொன்றுக்கு 38 மைக்கிரோ செக்கன் விரைந்து ஓடும். அதனைத் திருத்தாது விட்டால், ஒரு நாளிலேயே பதினொரு கிலோமீற்றருக்கு ஒத்த தொலைவுப் பிழை சேர்ந்துவிடும். கடிதத்தின் போக்குவரவைப் பாதியாக ஊகிக்க வேண்டிய தேவை இங்கே இல்லை. செய்மதி எங்கே நிற்கிறது என்பது தெரியும்; பெறும் இடமும் தெரியும்; ஆகவே வழியிற் சென்ற நேரமும் தெரியும்.

இனி, கூரையில் வைத்த சிறு அன்டெனாவுக்கு வந்த நேரத்தைக் கீழே உள்ள கணினிக்குக் கொண்டுசெல்லும் இறுதிச் சில மீற்றர்களைக் கவனிப்போம். பெறும் கருவி கணினிக்கு இருவகைச் செய்தி தருகிறது. ஒன்று, இன்ன நாள், இன்ன மணி, இன்ன செக்கன் என்று எழுத்தாற் கூறும் வாக்கியம். மற்றது, ஒவ்வொரு செக்கனின் தொடக்கத்திலும் தனிக் கம்பியில் எழும் மின் துடிப்பு. வாக்கியம் சில நூறு மில்லி செக்கன்கள் பிந்தி வரலாம். அத்தாமதமும் முறைக்கு முறை மாறும். துடிப்போ கணம் தவறுவதில்லை. ஆனால் அஃது எந்தச் செக்கன் என்பதைத் துடிப்பு சொல்லாது. அறிவிப்பாளர் மணியைச் சொல்ல, ஒலி கணத்தைக் குறிக்கும் வானொலி வழக்கே இங்கும் நிகழ்கிறது. வாக்கியத்தை மாத்திரம் நம்பியவர்கள், செய்மதிக் கருவி வாங்கியும் நேரம் செம்மையாகவில்லையே என்று வியந்ததற்குக் காரணம் இதுவே.

துடிப்பை ஏற்கும் வழியும் முக்கியமானது. யூ.எஸ்.பி. இணைப்பிற் கணினி குறித்த இடைவெளிகளிலேயே கருவியை விசாரிக்கும். விசாரிக்கும்வரை துடிப்பு காத்திருக்கும். பழைய தொடர்நிலை இணைப்பின் கம்பியொன்றில் வரும் துடிப்போ கணினியின் வேலையை உடனே இடைமறிக்கும். இக்காரணத்தால் வழக்கொழிந்த இணைப்பு இத்துறையில் மதிப்பிழக்கவில்லை. அன்டெனாக் கம்பியின் நீளத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 நனோ செக்கன் தாமதம் உண்டு.

இவ்வாறு திருந்திய ஒரு கணினி, அக்கட்டடத்தின் ஏனைய கணினிகளுக்குக் கிறீனிச் ஆகிறது. வழி குறுகியது; போக்கும் வரவும் பெரும்பாலும் ஒத்தவை. ஆதலின் மில்சின் முறையே இங்கு மில்லி செக்கனுக்கும் குறைந்த பிழையோடு நேரத்தைப் பரப்பும். அதனினும் நுண்மை வேண்டுவோர்க்கு 2002ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 1588 என்னும் நியமம் வெளிவந்தது. செய்தி கம்பியைத் தொடும் அக்கணத்தை வலையமைப்புக் கருவியே குறித்துக்கொள்ள அது வகைசெய்வதால், பிழை மைக்கிரோ செக்கனுக்குக் கீழே இறங்குகிறது. 2018ஆம் ஆண்டு சனவரி முதல் ஐரோப்பியப் பங்குச் சந்தைகளில் அதிவேக வணிகம் செய்வோர் தம் கட்டளைகளை உலகப் பொது நேரத்துக்கு 100 மைக்கிரோ செக்கனுள் ஒத்தவாறு குறித்தல் வேண்டும் என்று சட்டமாயிற்று. எவர் முந்தினார் என்று பின்னர் விசாரிப்போர்க்கு அதுவே சாட்சி.

எனினும், அனைவரும் ஒரே ஊற்றிற் பருகுங்கால், அது கலங்கினால் அனைவர்க்கும் கேடு. செய்மதிக் குறியில் வாரங்களை எண்ணும் இலக்கம் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்கு மீள்வது. 1999ஆம் ஆண்டு ஓகஸ்டிலும் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலிலும் அது மீண்டபோது, முன்னேற்பாடற்ற பழைய கருவிகள் இருபது ஆண்டு பின்னோக்கிய நாளைக் காட்டும் இடர் இருந்தது. 2016ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள், பழைய செய்மதியொன்றைச் சேவையிலிருந்து நீக்கிய வேளையில், உலகப் பொது நேரத்தைக் கணிப்பதற்குரிய எண் ஒன்று பிழையாகச் செய்மதிகள் பலவற்றால் ஒலிபரப்பப்பட்டது. பிழை ஏறத்தாழ 13 மைக்கிரோ செக்கன் மாத்திரமே. அதனால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல மணித்தியாலம் இடர்ப்பட்டன.

ஆதலால் அறிந்தோர் ஒரு சாட்சியை மட்டும் நம்புவதில்லை. ருஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் கேட்கின்றனர். குறி அற்றபோதும் நேரத்தைக் காக்கும் அணு மணிக்கூட்டை அருகில் வைக்கின்றனர். மில்சின் நெறி பல மணிக்கூடுகளின் கூற்றை ஒப்பிட்டு, ஒவ்வாது கூறுவதைப் பொய்ம்மணி என்று ஒதுக்கிவிடும். 2012ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் விவரித்த இசுப்பானர் என்னும் தரவுக் களஞ்சியம் இன்னும் ஒரு படி சென்றது. அங்கே மணிக்கூடு ஒரு நேரத்தைக் கூறுவதில்லை. இன்ன கணத்துக்கு முந்தாமலும் இன்ன கணத்துக்குப் பிந்தாமலும் என்று இரண்டு எல்லைகளைக் கூறும். அவ்வெல்லை கடக்கும்வரை, சில மில்லி செக்கன்கள், எழுத்து காத்திருக்கும். தன் பிழையை ஒப்புக்கொண்ட பின்னரே அது சாட்சி சொல்கிறது.

பெல்வில் அம்மையார் சுமந்த மணிக்கூட்டோடு அதன் பிழைச் சான்றும் சென்றது என்று முன்னர்க் கூறினோம். தூதுவர் மாறினர்; கம்பியும் அலையும் செய்மதியும் வந்தன. வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி மாத்திரம் மாறவில்லை: நேரம் என்ன என்பதோடு, அதில் எத்துணைப் பிழை இருக்கலாம் என்பதையும் சொல்லுக. 2003ஆம் ஆண்டின் அப்பிற்பகலில் மின்வழிகளைக் காத்த மணிக்கூடுகளிடம் அக்கேள்வியை முன்னரே கேட்டிருந்தால், எந்த வழி முதலில் அறுந்தது என்று அறிவதற்கு அத்துணை உழைப்பு வேண்டியிருந்திராது.