பக்கவாதத்திற்குப் பின் கால் உணர்வு மீட்புப் பயிற்சி: வரலாறு

பக்கவாதம் என்றதும் கையும் காலும் அசையாமல் போவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அசைவு திரும்பிய பிறகும் உணர்வு திரும்பாதவர்கள் பலர் உண்டு. காலை நீட்டவும் மடக்கவும் முடியும். பாதம் தரையில் பட்டதா என்பது தெரியாது. செருப்பு கழன்றதை அறியாமல் நான்கு அடி நடந்த பிறகே குனிந்து பார்ப்பார்கள். பகலில் தரையைப் பார்த்து நடந்துவிடுபவர், இரவில் மின்சாரம் போனதும் தடுமாறுவார். இவ்வாறு இழந்த உணர்வைப் பயிற்சியால் மீட்கும் முயற்சி பக்கவாதத்தில் தொடங்கவில்லை. அதன் தொடக்கம் வேறொரு நோயில் இருக்கிறது.

ரொம்பெர்க்கின் சோதனை

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மேகநோய் (சிபிலிஸ்) பரவலாக இருந்தது. அது முற்றிய சிலருக்குத் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்பிழைகள் சிதைந்தன. இதற்கு டேபிஸ் டார்சாலிஸ் என்று பெயர். கால் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் பாதை இதுவே. தசையில் வலு குறையாவிட்டாலும் நோயாளி கால்களை வீசி வீசி, தரையில் அறைந்து நடப்பார். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்களை மூடச் செய்தால் ஆடி விழப்போவார். பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரொம்பெர்க் 1840களில் எழுதிய இந்தச் சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உணர்வு இல்லாத காலைக் கண் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அது எளிதாகக் காட்டிவிடுகிறது.

ஹைடன் ஊர் மருத்துவர்

சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு மேலே மலையில் உள்ள சிற்றூர் ஹைடன். செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஹென்றி டுனான் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஊரும் இதுதான். அங்கே மருத்துவம் பார்த்தவர் ஹென்ரிக் பிரெங்கல் (1860–1931).

1887இல் அவர் ஒரு டேபிஸ் நோயாளியைச் சோதித்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது நோயாளியால் சரியாகத் தொட முடியவில்லை. சில மாதங்கள் கழித்து வந்த அதே நோயாளி அதை நன்றாகச் செய்து காட்டினார். எப்படி என்று கேட்டதற்கு, அடுத்த சோதனையில் தேறவேண்டும் என்று வீட்டில் ஓயாமல் பழகியதாகச் சொன்னாராம். வகுப்பில் தோற்ற மாணவன் மனப்பாடம் செய்து வருவதைப் போன்ற செயல்தான். இதைச் சிரித்துவிட்டு விடாமல் யோசித்ததே பிரெங்கலின் சிறப்பு. நரம்பு பழுதுபட்டிருந்தும் அசைவைப் புதிதாகக் கற்க முடியும் என்று கண்டு, 1890இல் தம் முறையை வெளியிட்டார். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனை வரை அது சென்றது.

அவருடைய பயிற்சிகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. முதலில் படுக்கையில், தலையைச் சற்று உயர்த்தி, தன் கால்களைத் தானே பார்க்கும்படி நோயாளி படுக்க வேண்டும். குதிகாலைப் படுக்கையோடு மெல்ல இழுத்து, சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும். அடுத்து உட்கார்ந்து, பின்பு நின்று, கடைசியில் தரையில் வரைந்த பாதச் சுவடுகளில் அடி வைத்து நடக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணிக்கை சொல்லி, நிதானமாகச் செய்ய வேண்டும். வேகமும் பலமும் இங்கே நோக்கமல்ல; துல்லியமே நோக்கம். களைப்பு வருமுன் ஓய்வு தர வேண்டும்.

1943இல் மேகநோய்க்குப் பென்சிலின் பலனளிப்பது தெரிந்தது. அதன்பின் டேபிஸ் அரிதாகிவிட்டது. நோய் மறைந்தாலும் பயிற்சி மறையவில்லை. இயன்முறை மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

பக்கவாதத்தில் வேறுபாடு

டேபிஸ் நோயில் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. பக்கவாதத்திலோ செய்தியை வாங்கும் மூளையிலேயே பழுது. 1906இல் டெஜெரின், ரூசி ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் தாலமஸ் என்ற பகுதி பாதித்தால் உணர்விழப்போடு தாங்கமுடியாத வலியும் வரலாம் என்று விவரித்தனர். மரத்துப்போன காலே எரிகிறது என்று நோயாளி சொன்னால் வீட்டார் நம்பத் தயங்குவார்கள். ஆனால் அது உண்மையான வலி. 1937இல் பென்ஃபீல்டும் போல்ட்ரியும் வெளியிட்ட மூளை வரைபடத்தில் பாதத்தின் இடம் இரு அரைக்கோளங்களுக்கு இடைப்பட்ட உட்பிளவில் இருந்தது. அதனால்தான் அங்கே செல்லும் முன்மூளைத் தமனி அடைபட்டால் கையைவிடக் கால் அதிகம் பாதிக்கப்படுகிறது.

உணர்வு போனால் அசைவும் போகும் என்பதை மாட், ஷெரிங்டன் இருவரும் 1895இல் காட்டியிருந்தனர். குரங்கின் ஒரு கைக்கான உணர்வு நரம்பு வேர்களை மட்டும் வெட்டியபோது, இயக்க நரம்புகள் நலமாக இருந்தும் அது அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப் பின்னாளில் இதை மாற்றிப் படித்தார். நல்ல கையைக் கட்டிவைத்ததும் குரங்கு உணர்வற்ற கையைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆக, அது பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தது. (அவருடைய ஆய்வகக் குரங்குகளின் நிலை 1981இல் பெரிய வழக்கானது தனிக்கதை.) இதிலிருந்து பிறந்த சிகிச்சை 222 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2006இல் முடிவுகள் வெளியாயின. ஆனால் அது கைக்கானது. நல்ல காலைக் கட்டிவிட்டு யாரும் நடக்க முடியாதல்லவா!

உணர்வுக்கே பயிற்சி

1993இல் யெகுடியேல், குட்மன் ஆகியோரும், 2011இல் ஆஸ்திரேலியாவின் லீயன் கேரி குழுவினரும் பக்கவாத நோயாளிகளின் கையுணர்வைப் பயிற்சியால் மேம்படுத்த முடியும் என்று காட்டினர். அதே முறை காலுக்கும் கையாளப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தின் கீழ் இருப்பது கம்பளமா, கோணியா, பஞ்சா என்று சொல்ல வேண்டும். பெருவிரலை மேலே தூக்கினார்களா, கீழே அழுத்தினார்களா என்று சொல்ல வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து விடையைச் சரிபார்த்து, மறுபடி மூடிச் செய்ய வேண்டும். பிரெங்கல் கண்ணைத் துணைக்கு அழைத்தார். இங்கே கண் விடைத்தாள் திருத்துகிறது. எல்லோருக்கும் முழு உணர்வு திரும்புவதில்லை. காலைப் பற்றிய ஆய்வுகளும் கையைப் பற்றியவற்றைவிடக் குறைவு.

உணர்வு திரும்பும்வரை அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. நீரின் சூட்டை நல்ல கையால் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். உள்ளங்காலில் முள்ளோ கொப்புளமோ உண்டா என்று தினமும் இரவில் பார்ப்பதும், படுக்கையிலிருந்து கழிவறைவரை சிறு விளக்கு எரியவிடுவதும் அவசியம். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் இவற்றில் ஒன்றையும் விடக்கூடாது.